வெளி மாநிலத்தில் விழுந்த கேஸ்: கட்டுவதா, எதிர்ப்பதா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மன்னார்குடிக்காரர். டி.என். 50 கார். ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு பெங்களூரு போய்த் திரும்பிய சில நாளில், சிக்னலைத் தாண்டியதாக மெசேஜ் வந்திருக்கிறது. அடுத்து பாலக்காட்டிலிருந்து ஒரு சலான், அதாவது அபராதச் சீட்டு. அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. இதற்கு நடுவில் மகன் பைக்கில் திருநள்ளாறு போனபோது, ஹெல்மெட் இல்லை என்று காரைக்கால் போலீஸ் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டது. "மூன்றையும் நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே முடித்துவிடலாமா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் முடியாது. குற்றம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்தான் கேஸ் போடும். பணம் கட்டாவிட்டால் அந்த ஊர் கோர்ட்டுக்குத்தான் போகும். உங்கள் வண்டி எங்கே பதிவானது என்பது மெசேஜ் யாருக்கு வரும் என்பதற்கு மட்டும்தான் உதவும். அதனால் வெளியூர்க் கேஸில் நியாயம் யார் பக்கம் என்று பார்க்கிற அதே நேரத்தில், கோர்ட் எவ்வளவு தூரம் என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் 500 ரூபாய் ஃபைனை எதிர்த்து மன்னார்குடியிலிருந்து பெங்களூருக்கு இரண்டு வாய்தாவுக்குப் போய்வர என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டால், நான் சொல்வது புரிந்துவிடும். சலான் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பு இருக்கிற அவகாசம்தான் வெளியூர்க்காரனுக்குக் கிடைக்கிற ஒரே வசதி. பெரும்பாலானவர்கள் அதைத்தான் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வீணாக்குகிறார்கள்.

முதலில் அந்த மெசேஜ் உண்மையா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில், அரசாங்க முத்திரை போட்ட படத்தோடு, 'உங்கள் வாகனத்துக்கு அபராதம், விவரத்துக்கு இந்த ஃபைலைத் திறக்கவும்' என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். ஃபைல் பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருந்தால் அது சலான் அல்ல, உங்கள் போனுக்குள் நுழைகிற செயலி. வருகிற ஓ.டி.பி.யையெல்லாம் அது படித்து, வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடும். எந்த மாநிலப் போலீஸும் சலானைச் செயலியாக அனுப்புவதில்லை. மெசேஜில் உள்ள லிங்கை விட்டுவிட்டு, மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று கவனியுங்கள். சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் இவற்றில் எதை வைத்தும் தேடலாம். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் சேசிஸ் எண் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கேட்கும். அவை ஆர்.சி.யில் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பரிவாஹனில் ஒன்றும் இல்லை என்றால் கேஸே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தெலங்கானாவுக்குத் தனித் தளம் இருக்கிறது. பெங்களூரு போக்குவரத்துப் போலீஸும் தனித் தளமும் செயலியும் வைத்திருக்கிறது. கர்நாடகா ஒன் என்ற அரசு சேவைத் தளத்திலும் பார்க்கலாம். ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பரிவாஹனை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எந்த மாநிலத்தில் ஓட்டினீர்களோ அந்த மாநிலத்தின் தளத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

சரி, உங்கள் பெங்களூரு சலான். அதில் ஒரு போட்டோ இருக்கும். அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறுத்தக் கோடு எங்கே இருக்கிறது, முன் சக்கரம் அதைத் தாண்டியிருக்கிறதா, சிக்னலில் எந்த விளக்கு எரிகிறது, தேதியும் நேரமும் நீங்கள் அங்கே இருந்த நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த 167ஏ விதி இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. கேமரா போடுகிற சலானில் தெளிவான படம், இடம், தேதி, நேரம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். வேகம் சம்பந்தப்பட்டது என்றால் கருவி காட்டிய அளவும் வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. இதெல்லாம் சரியாக இருந்து, படத்தில் உங்கள் கார்தான் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்றால், யோசிக்காமல் கட்டிவிடுங்கள். பெங்களூருவில் சிக்னல் தாண்டினால் 500 ரூபாய்தான்.

கர்நாடகாவில் பாதித் தள்ளுபடி கொடுப்பார்களாமே, காத்திருக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். 2023 பிப்ரவரியில் கொடுத்தார்கள், பெரிய கூட்டமே கட்டியது. அதற்குப் பிறகும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அடுத்தது எப்போது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 250 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகக் கேஸைக் கோர்ட்டுக்குப் போக விடுவது வெளியூர்க்காரருக்குக் கட்டுப்படியாகாது. பெங்களூருவிலேயே இருக்கிறவர் வேண்டுமானால் காத்திருக்கட்டும்.

ஒரே தவறுக்கு இங்கே ஒரு தொகை, அங்கே ஒரு தொகை என்று பலர் கோபப்படுகிறார்கள். சட்டம் ஒன்றுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 2019 செப்டம்பர் 1 முதல் தொகைகளை உயர்த்தித் திருத்தப்பட்டது. ஆனால் பிரிவு 200-ன்படி, கோர்ட்டுக்குப் போகாமல் சமரசமாக முடித்துக்கொள்கிற தொகையை அந்தந்த மாநிலமே அறிவிக்கலாம். அதனால்தான் சீட் பெல்ட் போடாததற்குத் தமிழ்நாட்டில் 1000 ரூபாய், கர்நாடகாவும் கேரளாவும் அதை 500 ஆகக் குறைத்துக்கொண்டன. தமிழ்நாடு புதிய தொகைகளை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கட்டியதை வைத்து உங்கள் சலானை எடைபோடாதீர்கள்.

பாலக்காட்டுச் சலான் வேறு கதை. கேரளாவில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்கள் வேலை செய்கின்றன. அவற்றை வைத்திருப்பது போலீஸ் அல்ல, மோட்டார் வாகனத் துறை. கேமரா எண்ணைத் தானாகப் படிக்கும்போது 8 என்பது பி ஆகும், சுழியம் டி ஆகும், சேறு படிந்த தட்டில் 1 காணாமலே போகும். மனிதர்கள் சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும். இருந்தாலும் காருக்கு ஹெல்மெட் கேஸ் வந்த கதைகளெல்லாம் உண்டு. எனவே இதிலும் முதல் வேலை படத்தைப் பார்ப்பதுதான். படத்தில் இருப்பது உங்கள் காரா, அதே மாடலா, அதே நிறமா, பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் இருக்கிறதா? பைக்கோ வேறு காரோ இருந்தால் வேலை சுலபம். இ-சலான் தளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. சலான் எண்ணைக் கொடுத்து, உங்கள் ஆர்.சி.யையும் காரை முன்னும் பின்னும் எடுத்த படத்தையும் இணைத்து, 'படத்தில் உள்ளது என் வாகனம் அல்ல, ரத்து செய்யவும்' என்று இரண்டே வரியில் எழுதுங்கள். சலானை எந்த அலுவலகம் போட்டதோ அந்த அலுவலகத்துக்கும் அதையே மின்னஞ்சலில் அனுப்புங்கள். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். தமிழில் எழுதுவதைவிட ஆங்கிலத்தில் எழுதுவது இங்கே நல்லது, படிப்பவர் பாலக்காட்டில் உட்கார்ந்திருப்பவர்.

படத்தில் உங்கள் கார் மாதிரியே ஒன்று, உங்கள் எண்ணோடு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். யாரோ உங்கள் எண்ணைப் போட்டு ஓட்டுகிறார்கள். அப்போது மன்னார்குடி ஸ்டேஷனிலேயே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாளில் கார் இங்கேதான் இருந்தது என்பதற்கு என்ன கிடைக்குமோ அதைச் சேருங்கள். ஃபாஸ்டேக் கணக்கில் சுங்கச்சாவடி கடந்த பதிவு, சர்வீஸ் சென்டர் பில், பெட்ரோல் பங்க் ரசீது, தெருக் கேமரா எதுவானாலும் சரி. 'தொலையட்டும், 500 தானே' என்று இதைக் கட்டிவிடுவதுதான் பெரிய தப்பு. கட்டினால் அங்கே இருந்தது நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வண்டி நாளைக்கு யாரையாவது இடித்துவிட்டு ஓடினால், தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

இனி காரைக்கால். டெல்டாக்காரர்களுக்கு இது மற்ற வெளியூர் மாதிரி அல்ல. தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் போகிறவர், பொறையாறு தாண்டி நண்டலாற்றில் தமிழ்நாட்டை விட்டு இறங்கி, கோட்டுச்சேரி, காரைக்கால், திருமலைராயன்பட்டினம் வழியாகப் போய், வாஞ்சூர் தாண்டி நாகூரில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் ஏறுகிறார். பேச்சு அதே பேச்சு, வயல் அதே வயல். சாலையோரம் நிற்கிற காவலரின் தலையில் சிவப்புத் தொப்பியைப் பார்த்த பிறகுதான் புதுச்சேரி அரசாங்கத்துக்குள் இருக்கிறோம் என்று பலருக்கு உறைக்கும். திருநள்ளாறு அதற்குள்தான் இருக்கிறது. சனிக்கிழமை பைக்கில் கிளம்புகிற பிள்ளைகள் கோயிலுக்குத்தானே போகிறோம் என்று ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் மகன் விஷயத்தில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன, பிரித்துப் பாருங்கள். ஒன்று ஃபைன். ஹெல்மெட் போடாததற்கான பிரிவு 194டி, 1000 ரூபாய் என்கிறது. இன்னொன்று லைசென்ஸ். அதே பிரிவு மூன்று மாதம் லைசென்ஸை முடக்கவும் சொல்கிறது. பிரிவு 206-ன்படி சில குற்றங்களுக்குப் போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி, லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்பலாம். ஹெல்மெட், அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஆயிரத்தைக் கட்டியாச்சே, லைசென்ஸைக் கொடுங்கள் என்று ஸ்டேஷனில் சண்டை போட்டுப் பயனில்லை. ஃபைன் கட்டுவது லைசென்ஸ் நடவடிக்கையிலிருந்து விடுதலை தராது என்று 2019 திருத்தம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆனால் வெறுங்கையோடு திரும்பவும் கூடாது. லைசென்ஸை வாங்கினால் அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அந்தச் சீட்டு லைசென்ஸைக் கொடுத்ததற்கான ஆதாரம் மட்டும்தான். ஹெல்மெட் போன்ற இந்தக் குற்றங்களில், லைசென்ஸ் திரும்ப வரும்வரை அதை வைத்து ஓட்ட முடியாது. மகனிடம் அது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லை என்றால் எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி, எந்த அதிகாரி என்று எழுதிக்கொண்டு நேரில் போய்க் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணம்தான், இதைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. லைசென்ஸை முடக்குவதற்கு முன்னால் அதிகாரி விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று பிரிவு 19 சொல்கிறது. நோட்டீஸ் வந்தால் பிரித்துப் படியுங்கள், பதில் கொடுங்கள். முதல் தடவை, இளைஞன், வேலைக்குப் போக பைக் வேண்டும் என்று மரியாதையாக எழுதலாம். அதில் ஃபைன் கட்டிய ரசீதையும் வையுங்கள். உத்தரவு வந்துவிட்டால் அந்த மூன்று மாதமும் ஓட்டக் கூடாது. அப்போது ஒரு விபத்து நடந்தால், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். இந்த ஆயிரம் ரூபாய்க் கேஸில் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது.

காரைக்கால் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போய்க் குடித்துவிட்டு வண்டியை எடுப்பது பிரிவு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது பிரிவு 200-ன் சமரசப் பட்டியலில் இல்லை. டிக்கியில் பாட்டில்களை வைத்துக்கொண்டு வாஞ்சூர் தாண்டுவது போக்குவரத்துக் கேஸே அல்ல. அது மதுவிலக்குச் சட்டம், வண்டியே கையைவிட்டுப் போகும். அதற்கெல்லாம் என்னிடம் யோசனை கேட்காதீர்கள், வக்கீலிடம் போங்கள்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, உடனே ஒன்றும் ஆகாது. அதனால்தான் எல்லோரும் விடுகிறார்கள். வட்டி ஏறாது, வீட்டுக்கு ஆள் வராது. ஒருநாள் காரை விற்கப் போவீர்கள், அல்லது பேங்க் கடனை அடைத்துவிட்டு ஆர்.சி.யில் பேங்க் பெயரை எடுக்கப் போவீர்கள். அப்போது நிலுவைச் சலான் இருக்கிறது என்று விண்ணப்பம் நகராமல் நிற்கும். அதற்குள் சலான் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இ-சலான் தளத்தில் பணம் கட்டுகிற பொத்தானே வேலை செய்யாது. பல மாநிலங்களில் முதலில் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். அது ஆன்லைன் கோர்ட். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணைப் போட்டால் கேஸ் வரும், நீதிபதி விதித்த தொகையும் இருக்கும். அங்கே இரண்டு வழி. ஒப்புக்கொண்டு கட்டலாம், அல்லது எதிர்க்கிறேன் என்று சொல்லலாம். எதிர்க்கிறேன் என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள். அழுத்திய மறுநிமிஷம் அது சம்பவம் நடந்த ஊரின் நிஜக் கோர்ட்டுக்குப் போகும், வாய்தா அங்கேதான். காரைக்கால் என்றால் போய் நிற்கலாம், நியாயம் இருந்தால் போய் நிற்கவும் வேண்டும். பெங்களூரு என்றால் அங்கே ஒரு வக்கீலைப் பிடிக்கத் தயாராக இருங்கள்.

நிஜக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தாலும் அலற வேண்டாம். பிரிவு 208-ன்படி சிறு குற்றங்களுக்கான சம்மனிலேயே, வக்கீல் மூலம் ஆஜராகலாம், அல்லது குறிப்பிட்ட தேதிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் கடிதமும் தொகையும் அனுப்பலாம் என்று எழுதியிருப்பார்கள். தபால் ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் தாண்டினால் கேஸ் செத்துவிடும் என்று டீக்கடையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு கோர்ட் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டத்தில் கால வரம்பு இருக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே கேஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டதா இல்லையா என்பது மன்னார்குடியில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியாது. அதை நம்பிச் சும்மா இருப்பது சீட்டாட்டம்.

சாலையில் நிறுத்தினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த மாதிரிக் கேஸ்களில் பாதி வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. வண்டியை ஓரம் கட்டுங்கள், இறங்கி வாக்குவாதம் செய்யாதீர்கள். டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் என்ற அரசுச் செயலிகளில் உள்ள ஆவணங்கள் அசலுக்குச் சமம், எல்லா மாநிலத்திலும் செல்லும். வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிற ஆர்.சி. போட்டோ அப்படியல்ல. தவறு செய்திருந்தால் சலான் போடச் சொல்லுங்கள். பாதிப் பணம் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்பவரிடம், 'பரவாயில்லை சார், சலானே போடுங்க, ஆன்லைனில் கட்டிக்கிறேன்' என்று சாந்தமாகச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடியும். ரசீது இல்லாமல் கொடுத்த பணம் கேஸை முடிக்காது. அடுத்த சந்திப்பில் இருக்கிற கேமரா அதே சீட் பெல்ட்டுக்கு இன்னொரு தடவை படம் எடுக்கும்.

கார் உங்கள் பெயரில், அன்றைக்கு ஓட்டியது மச்சான் என்றால், பிரிவு 133 வருகிறது. யார் ஓட்டினார் என்று அதிகாரி கேட்டால் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரம் சொல்வது உரிமையாளரின் கடமை. உறவு கெட்டுவிடும் என்று மழுப்பினால் கேஸ் உங்கள் தலையில்தான் நிற்கும். விற்ற வண்டிக்கும் இதே பாடுதான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு, பெயர் மாறியதா என்று பார்க்காமல் இருக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் விற்றவரும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. பெயர் மாறாத வரை திருப்பூரில் அந்த பைக் வாங்குகிற ஃபைனெல்லாம் உங்களுக்குத்தான் வரும்.

கடைசியாக ஆர்.சி.யில் இருக்கிற மொபைல் எண். டெல்டாவில் பாதி வண்டிகளில் அது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற மகனின் பழைய சிம், அல்லது ஷோரூம்காரர் போட்ட ஏதோ ஒரு எண். மெசேஜ் அங்கே போகும், யாரும் பார்க்க மாட்டார்கள், அவகாசம் அப்படியே கழிந்துவிடும். வண்டிப் பதிவுக்கான வாஹன் தளத்தில் சேசிஸ், என்ஜின் எண்களைக் கொடுத்து ஓ.டி.பி. மூலம் நீங்களே மாற்றலாம். உங்களுக்குப் பெங்களூரு மெசேஜ் வந்திருக்கிறது என்றால் காரின் ஆர்.சி.யில் உள்ள மொபைல் எண் சரியாகத்தான் இருக்கிறது. மகனின் பைக்குக்கு யாருடைய மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள்.